வளர்த்த வாத்து காலைக் கடிக்கும்போது

கேள்வி: எங்களிடம் ஐந்து கூஸ் வாத்துகள் இருக்கின்றன. அவற்றில் முத்து என்கிற ஆண் மட்டும் தனிக்கதை. முட்டையை உடைத்து வந்த நாளிலேயே தாயை இழந்து என் கைக்கு வந்தவன். என் மடியில்தான் தூங்குவான். நான் எழுந்து போனால் கத்திக் கூப்பாடு போடுவான். இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. மூன்று வாரமாக என்னைக் கண்டாலே கழுத்தைத் தரையோடு தாழ்த்திச் சீறுகிறான். நான் முதுகைக் காட்டும்வரை காத்திருந்து பாய்கிறான். போன வாரம் கெண்டைக்காலைக் கவ்வித் திருகிவிட்டான். என் கணவர் அவனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆனால் அவர் போனால் ஒதுங்கி வழிவிடுகிறான். பிரம்பால் நாலு போட்டால் அடங்கிவிடும் என்கிறார் மாமனார். எனக்கோ வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததுபோல் இருக்கிறது. இன்னொரு விஷயம், நாங்கள் காலையில் நடக்கப் போகும் ஏரியில் ஓர் அன்ன ஜோடி இருக்கிறது. ஓடுகிறவர்களையெல்லாம் விட்டுவிட்டு, என் ஆறு வயது மகனை மட்டும் விரட்டுகிறது. இந்தப் பறவைகளுக்கு என்ன பைத்தியமா?

பி.கு.: முத்துவோடு எப்போதும் சுற்றும் பெண் வாத்தும் சரியில்லை. தீனிக்குக்கூட வராமல் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தே இருக்கிறது. அதற்கும் ஏதாவது நோயா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்திருந்தால் எனக்குப் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் வாத்துக்கு நோய் ஏதும் இல்லை. அது அடைகாக்கிறது. கூஸ் வாத்தில் பெட்டை மட்டும்தான் முட்டைமேல் உட்காரும். 28 முதல் 30 நாள்வரை, தண்ணீருக்கும் இரண்டு வாய்த் தீனிக்கும் மட்டும் எழுந்து வந்து, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். ஆண் அடையில் உட்காருவதில்லை. அதற்கு இருப்பது ஒரே வேலைதான்: காவல். முத்து மூன்று வாரமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான். பெட்டை ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டையிடத் தொடங்கும்போதே ஆணின் சிடுசிடுப்பும் தொடங்கிவிடும். நீங்கள் சொல்லும் கணக்கு அதற்குச் சரியாகவே இருக்கிறது.

காவல் காப்பவன் உங்கள் கணவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் கடிப்பானேன் என்று கேட்பீர்கள். உங்கள் மனத்தை நோகடித்திருப்பதும் அதுதான். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாத்து என்று ஒரே சொல்லில் அழைப்பதால் சாதாரண வாத்தையும் கூஸையும் ஒரே மாதிரிப் பிராணிகளாக எண்ணிவிடுகிறோம். குணத்தில் இரண்டும் வெகு தூரம். பெரும்பாலான வாத்து இனங்களில் பெட்டை அடையில் உட்கார்ந்ததும் ஆண் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். கூஸும் அன்னமும் அப்படியல்ல. சேர்ந்த ஜோடி பெரும்பாலும் ஆயுள்வரை பிரியாது. குஞ்சு பொரித்த பிறகும் அப்பன் கூடவே இருந்து வளர்க்கும். காட்டுக் கூஸ் குஞ்சுகள் கிட்டத்தட்ட ஓராண்டு பெற்றோரோடுதான் திரியும். நாம் மூர்க்கம் என்று சொல்வது இந்தத் தகப்பன் குணத்தின் மறுபக்கம். மூர்க்கமில்லாத கூஸ் வேண்டும் என்று கேட்பது, பொறுப்பில்லாத தகப்பன் வேண்டும் என்று கேட்பதுபோல.

இனி முத்துவின் குழந்தைப் பருவம். கூஸ் குஞ்சு முட்டையை விட்டு வந்த முதல் ஓரிரு நாளில், தன் முன்னால் நடமாடிக் குரல் கொடுப்பது எதுவோ அதையே தாய் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லாரன்ஸ் சாம்பல் நிறக் காட்டுக் கூஸ்களைத் தம் பின்னால் நடக்கவைத்து இதை உலகுக்குக் காட்டினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். குஞ்சு பின்னால் ஓடிவரும் அழகைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பதிவு தாயை மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. 'நான் எந்த இனம்' என்ற எண்ணத்திலும் அந்த இளமைப் பதிவுக்குப் பங்கு உண்டு. உடன்பிறந்த குஞ்சு ஒன்றுகூட இல்லாமல் உங்கள் மடியிலேயே வளர்ந்த முத்துவுக்கு நீங்கள் மனிதர் அல்ல. கொஞ்சம் உயரமான, சிறகில்லாத, விசித்திரமான ஒரு கூஸ்.

உங்கள் கணவர் மனிதர். பெரிய, புரியாத விலங்கு. அவர் வந்தால் எந்தப் பறவைக்கும் இருக்கவேண்டிய பயம் முத்துவுக்கும் இருக்கிறது, அதனால் ஒதுங்குகிறான். உங்களிடம் அந்தப் பயமே அவனுக்கு முளைக்கவில்லை. பயமில்லாத இடத்தில், இனப்பெருக்கக் காலத்தில், தன் கூட்டை நோக்கி வரும் இன்னொரு கூஸை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறான். குஞ்சாக இருந்தபோது இது வெளியே தெரியாது. இரண்டு அல்லது மூன்று வயதில் பறவை பருவமடையும். பகல் நேரம் நீள நீள உடலில் சுரப்புகள் ஏறும். அதுவரை உறங்கிக்கிடந்த குணம் ஒருநாள் காலையில் எழுந்து நிற்கும். நன்றிகெட்டதனம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவன் உங்களை அந்நியமாக நினைக்காததன் விளைவு இது.

ஆள்மாறாட்டம் இந்தப் பறவைக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஏரியில் 2006-இல், பெட்ரா என்று ஊரார் பெயரிட்ட கறுப்பு அன்னம் ஒன்று, அன்ன வடிவில் செய்த வெள்ளை மிதிபடகு ஒன்றோடு ஜோடி சேர்ந்துவிட்டது. படகை விட்டு நகரவே மறுத்தது. கடைசியில் குளிர்காலத்துக்கு உயிரியல் பூங்காவில் இடம் கொடுத்தபோது படகையும் கூடவே கொண்டுபோக வேண்டியதாயிற்று. மினுமினுப்பான கார்க் கதவில் தெரியும் தன் உருவத்தோடு மணிக்கணக்கில் சண்டை போடும் ஆண் கூஸ்களும் உண்டு.

அடுத்து, நீங்கள் உடனே திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. முத்து கடித்ததும் நீங்கள் கத்திக்கொண்டு ஓடியிருப்பீர்கள். யாராக இருந்தாலும் ஓடுவார்கள். அடுத்த கணம் அவன் என்ன செய்தான் என்று பார்த்தீர்களா? அநேகமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு, பெருங்குரலில் கொக்கரித்தபடி, கொட்டகைப் பக்கம் பெட்டையிடம் ஓடியிருப்பான். அதுவும் பதில் குரல் கொடுத்திருக்கும். எதிரியைத் துரத்திவிட்டு ஜோடியிடம் திரும்பும் ஆண் கூஸின் வெற்றி முழக்கம் அது. ஜோடிகளை இறுக்கிக் கட்டுகிற கயிறே அந்தச் சடங்குதான். நீங்கள் ஓடும் ஒவ்வொரு முறையும் அவன் மனைவி முன்னால் அவனுக்கு ஒரு மாலை விழுகிறது. நாளை மறுபடியும் வருவானா மாட்டானா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் வேலையாக அவன் உடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூஸின் கழுத்து இறகுகள் மேலிருந்து கீழாகச் சால் சாலாகப் படிந்திருக்கும், உழுத நிலம்போல. கோபம் ஏறும்போது அந்தச் சால்கள் விடைத்துக்கொண்டு நடுங்கும். பக்கத்தில் நின்றால் கண்ணுக்கே தெரியும். அடுத்து அலகு திறக்கும், நாக்கு மேலெழும்பும், சீறல் வரும். கழுத்து தாழ்ந்து, தலை நேராக உங்களைக் குறிபார்த்து நின்றால் அடுத்தது பாய்ச்சல்தான். அதே நீட்டிய கழுத்து உங்களைத் தாண்டிப் பக்கவாட்டில் போய், சீறலுக்குப் பதிலாகக் கொக்கரிப்பு வந்தால் அது வரவேற்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வரவேற்க வந்த பறவையை உதைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தடவிக்கொடுக்கப் போய்க் கடிபட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கூட்டத்தில் இளம் மருத்துவனாக இருந்த நானும் ஒருவன். தொடையில் கவ்விய அலகை ஆண் கூஸ் சும்மா விடாது, சாவி திருகுவதுபோல் திருகும். அலகின் ஓரம் ரம்பம்போல் இருப்பதால் பல் இல்லாமலேயே பல்லின் வேலை நடந்துவிடும்.

மாமனாரின் பிரம்புக்கு வருகிறேன். பெரியவரிடம் என் மரியாதையைச் சொல்லி, பிரம்பை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அடி முத்துவுக்குப் பாடம் அல்ல, சண்டை. நீங்கள் போட்டிக்கு வந்த கூஸ்தான் என்ற அவன் சந்தேகம் ஊர்ஜிதமாகும். ஆள் ஆளாக அடையாளம் வைத்துக்கொள்ளும் பறவை அது, அடித்தவரை லேசில் மறக்காது. தவறிக் கழுத்தில் விழுந்தால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிரம்புக்குப் பதில் பலகை. முட்டிக்கு மேல்வரை வரும் லேசான பிளைவுட் துண்டு ஒன்றை, கைப்பிடிக்கு ஓர் ஓட்டை போட்டு, உங்களுக்கும் அவனுக்கும் நடுவே சுவர்போலப் பிடித்துக்கொண்டு நடங்கள். சுவரோடு யாரும் சண்டை போடுவதில்லை. பலகை இல்லாத நேரத்தில் முகத்தை அவன் பக்கமே வைத்து, கைகளை அகல விரித்து, நிதானமாக நில்லுங்கள். கூட்டுக்கு அருகே நின்றுகொண்டிருந்தால் அதே நிலையில் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குங்கள். கூட்டிலிருந்து தூரமான இடத்தில், தீனித் தொட்டி இருக்கும் பக்கத்தில் என்றால் பின்வாங்கவே வேண்டாம், மெதுவாக அவனை நோக்கி இரண்டடி வையுங்கள். இரண்டு இடத்திலும் முதுகைக் காட்டக்கூடாது, ஓடக்கூடாது.

குஞ்சு பொரிக்கும்வரை தீனி வைப்பதை உங்கள் கணவரிடம் விடுங்கள். இதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும், தெரிகிறது. ஆனால் கையால் ஊட்டுவது, மடியில் ஏற்றுவது, கொஞ்சுவது எல்லாமே அவனுடைய தவறான எண்ணத்துக்கு நீங்கள் போடும் தீனி. கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். பெட்டைக்குப் பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் இருந்தால் போதும், அதையும் கணவரே நிரப்பட்டும்.

அடைகாலம் முடிந்த பிறகும் பாய்ச்சல் தொடர்ந்தால் ஒரு வழி இருக்கிறது. பாய்ந்து வரும்போது ஒரு கையால் தலைக்குக் கீழே கழுத்தை மென்மையாகப் பிடித்து விலக்கி, மறுகையால் இரு சிறகையும் சேர்த்து அணைத்து, தலை உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். திட்டவோ தடவவோ வேண்டாம். அப்படியே உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நடங்கள். உடல் தளர்ந்து அமைதியான பிறகுதான் கீழே விட வேண்டும், துள்ளும்போது விட்டால் அதுவும் அவன் கணக்கில் வெற்றி. முதல் நாள் பழகியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். சிறகு அடி முகத்தில் விழுந்தால் வலிக்கும்.

இதற்கெல்லாம் மசியாமல் வருடம் முழுவதும் கடிக்கிற ஆண்களும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கையில் தனியாக வளர்ந்தவற்றில்தான் அத்தகையவை அதிகம். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கும்போது அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள். நிறையக் கூஸ்கள் மேயும், சிறு குழந்தைகள் இல்லாத இடம் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். கூஸ் 20 வருடத்துக்கு மேலும் வாழும், அத்தனை காலமும் மகனைக் கதவுக்குப் பின்னால் நிறுத்த முடியாது. இனி ஒரு குஞ்சு அனாதையாகக் கைக்கு வந்தால், இன்னொரு குஞ்சாவது துணைக்குச் சேர்த்து வளருங்கள்.

சரி, ஏரிக்கரை. நளனுக்காகத் தூது போன அன்னத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கரையேறி ஓடிவந்து சீறும் அன்னத்தைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பழந்தமிழில் ஆண் அன்னத்தை அன்னச்சேவல் என்பார்கள். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பறவையை அது சரியாகச் சொல்லிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது ஆரஞ்சு அலகும், அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் கறுப்புக் குமிழும் உள்ள வெள்ளை அன்னமாக இருந்தால், குமிழ் பெரிதாக இருப்பதுதான் சேவல். பத்துக் கிலோவுக்கு மேல் எடை, விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் சிறகு.

சிறகை முதுகின்மேல் பாய்போல வளைத்துத் தூக்கி, கழுத்தைப் பின்னுக்கிழுத்து மிதக்குமே, எல்லோரும் ஓடிப்போய்ப் படம் எடுக்கும் அந்தக் கோலம் அழகு காட்டுவதற்கல்ல. 'இன்னும் ஓர் அடி வைத்தால் தெரியும்' என்பதுதான் அதன் பொருள். நீரில் அது நகரும் விதத்தைக் கவனியுங்கள். சாதாரணமாக அன்னம் ஒரு காலுக்குப் பின் மறுகால் என்று துடுப்பு போடும், வழுக்கிக்கொண்டு போகும். கோபத்தில் இரு காலையும் ஒன்றாக உதைக்கும். அதனால் வெட்டி வெட்டி, தாவித் தாவி முன்னேறும். அந்த வெட்டு நடையைக் கண்டால் கேமராவை மூடிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

மகனை மட்டும் குறிவைப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும். அவன் உயரம் அன்னத்தின் கண்மட்டம். அவன் ஓடி ஓடி நிற்கிறான், தண்ணீர் ஓரத்துக்குப் போகிறான். ஓட்டப்பயிற்சிக்காரர்கள் ஒரே கோட்டில் வந்து ஒரே கோட்டில் போய்விடுகிறார்கள். மூன்றாவது, நீங்கள் எழுதாவிட்டாலும் என் ஊகம், கையில் ரொட்டி. ரொட்டி கொடுத்துப் பழக்கிய பறவைக்கு மனிதரிடம் இருந்த தூரம் போய்விடுகிறது. கொடுக்காத நாளில் அதட்டிக் கேட்கிறது. ரொட்டியை நிறுத்துங்கள், மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.

எல்லை என்பது அன்னத்துக்கு வேலி கட்டிய இடம் அல்ல, கூட்டைச் சுற்றி அது மனத்தில் போட்ட கோடு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், கேம் ஆற்றில் துடுப்புப் படகோட்டிகளை வருடக்கணக்கில் தாக்கிய ஒரு சேவலுக்கு மிஸ்டர் ஆஸ்போ என்று பட்டப்பெயரே விழுந்தது. சமூக விரோத நடத்தைக்காக அப்போது அங்கே நீதிமன்றம் போட்டுவந்த ஆணையின் பெயர் அது. 2012-இல் அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். என்னைக் கேட்டால் பறவை பக்கமும் நியாயம் உண்டு. நீளமான ஒன்று தினமும் விடியற்காலையில் கூட்டை நோக்கி விரைந்து வருகிறது, ஓட்டுகிறவர்களோ எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எச்சரிக்கையைப் பார்க்கவே ஆளில்லை.

உங்கள் ஏரியில் அந்தக் கோடு எங்கே என்று ஒருநாள் தனியாகப் போய்க் கண்டுபிடியுங்கள். எந்த மரத்தருகே வரும்போது சேவல் தலையைத் தூக்குகிறது, எங்கே சிறகைத் தூக்குகிறது என்று பார்த்துவைத்து, முதல் அடையாளத்துக்கு முன்பே பாதை மாறிவிடுங்கள். முட்டைக்கு ஐந்து வாரத்துக்குச் சற்று மேல், பிறகு குஞ்சு பறக்க நான்கைந்து மாதம். ஆக, இந்தச் சுற்றுவழி சில மாதங்களுக்கு நீடிக்கும். மகன் கையைப் பிடித்து, அவனை உங்களுக்கு மறுபக்கத்தில், கரையை விட்டு உள்ளே நடக்கவிடுங்கள். எதிரே வந்துவிட்டால் அவனைத் தூக்கிக்கொண்டு, பையையோ விரித்த குடையையோ முன்னால் பிடித்து, பார்வையை எடுக்காமல் பின்வாங்குங்கள். கூட்டைக் கலைக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

அன்னம் சிறகால் அடித்தால் கை முறியும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பறவையின் எலும்பு உள்ளே வெற்றிடம் உள்ளது, எடை குறைந்தது. அடித்தால் நன்றாகக் கன்றிப்போகும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து பயந்து ஓடி விழுவதிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2012-இல் சிறு படகில் இருந்த ஒருவர், அன்னம் பாய்ந்ததில் படகு கவிழ்ந்து நீரில் மூழ்கி இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே கூடு இருக்கும் காலத்தில் அந்த ஏரியில் மகனோடு படகேறாதீர்கள்.

சீறும் அன்னத்தைவிட எனக்குக் கவலை தருவது, கிட்டப் போனாலும் அசையாத அன்னம். தலை சாய்ந்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டு, கழுத்து தொய்ந்து கரையோரம் கிடந்தால் அது சாது அல்ல, நோயாளி. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், ஈய நஞ்சாக இருக்கலாம். தொடாமல் தள்ளி நின்று, வனவிலங்கு மீட்பு ஆட்களுக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்

பி.கு.: நானும் முக்கியமானதைக் கடைசியில் வைத்துவிட்டேன். அந்தக் கெண்டைக்கால் காயம். பறவைகளால் வெறிநோய் வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் தோல் கிழிந்திருந்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாவிட்டால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலும் அப்படியே. குஞ்சு பொரிக்கும்வரை முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.